ஐஸ் ஹாக்கி: விரைவுத் தாக்குதலில் யாருக்கு என்ன பொறுப்பு?

லடாக்கில் இயற்கையாக உறையும் பனிக்கட்டித் தளம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களே நிலைத்திருக்கும். பெரும்பாலும் அப்பகுதியைச் சேர்ந்த வீராங்கனைகளைக் கொண்ட இந்திய மகளிர் அணி, 2025-ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்ன் நகரில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றது. குறைந்த பயிற்சி நாள்களில் எதைக் கற்பிப்பது என்பதே பயிற்சியாளர்கள் முன்னுள்ள கேள்வி. ஒவ்வொருவருக்கும் ஒரு பாதையை மனப்பாடம் செய்விப்பதா அல்லது ஆட்டத்தின் போக்கைப் பார்த்து முடிவெடுக்கக் கற்பிப்பதா என்ற இந்த விவாதம், விரைவுத் தாக்குதலில்தான் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது.

விரைவுத் தாக்குதல் என்றால் என்ன?

ஐஸ் ஹாக்கியில் ஒரு நேரத்தில் ஒவ்வோர் அணியிலும் கோல்கீப்பர் உட்பட 6 பேர் களத்தில் இருப்பர். எதிரணியிடமிருந்து 'பக்' எனப்படும் ரப்பர் வட்டைக் கைப்பற்றியவுடன், அந்த அணி தற்காப்பு நிலைக்குத் திரும்பும் முன்பே முன்னேறிச் செல்வது 'ரஷ்' எனப்படுகிறது. 2 பேருக்கு எதிராக 3 பேர், ஒருவருக்கு எதிராக 2 பேர் என்ற எண்ணிக்கைச் சாதகம் சில வினாடிகளே நீடிக்கும். வட்டு நீலக்கோட்டைக் கடக்கும் முன்பு தாக்கும் வீரர் உள்ளே நுழைந்தால் அது ஆஃப்சைடு. எனவே வேகத்துடன் நேரக்கணிப்பும் தேவை.

வந்து சேரும் வரிசையே பொறுப்பு

இடது, வலது, நடு என்று நிலையான இடங்களை மட்டும் நம்பினால், வலப்புற வீரர் பின்தங்கும்போது அந்தப் பக்கம் வெறுமையாகிவிடும். மாறும் பொறுப்பு முறையில், வந்து சேரும் வரிசையே பணியைத் தீர்மானிக்கிறது. முதலாமவர் வட்டுடன் பக்கவாட்டில் சென்று தற்காப்பு வீரரைத் தன்பக்கம் இழுக்கிறார். இரண்டாமவர் நடுப்பகுதி வழியாக கோலை நோக்கி விரைந்து, மற்றொரு தற்காப்பு வீரரைப் பின்வாங்கச் செய்கிறார். அதனால் உருவாகும் இடைவெளியில், சற்றுப் பின்னால் வரும் மூன்றாமவர் வட்டைப் பெற்று கோலடிக்க முயல்கிறார். இம்மூவரில் ஒருவர் தற்காப்பு வீரராகவும் இருக்கலாம். அப்போது முன்கள வீரர் ஒருவர் பின்தங்கி அவரது இடத்தைக் காக்க வேண்டும். அவ்வாறு காக்கத் தவறினால், வட்டு பறிபோகும் கணமே எதிரணியின் விரைவுத் தாக்குதல் தொடங்கிவிடும்.

ரஷியப் பாரம்பரியம்

ஐவரும் ஒரே அலகாக நகர்ந்து, இடம் மாறி வட்டைக் கடத்தும் பாணியை சோவியத் பயிற்சியாளர் அனடோலி தாராசோவ் வளர்த்தெடுத்தார். 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன், ரஷிய வீரர்கள் ஐவரை ஒன்றாகக் களமிறக்கினார். இடம் மாறி ஆடிய அவர்களைக் கட்டுப்படுத்த எதிரணிகள் திணறின. 1997-இல் அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது.

பயிற்சி எவ்வாறு?

பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் வட்டை வெவ்வேறு இடத்தில் போட்டால், முதலில் சென்று சேர்பவர் மாறிக்கொண்டே இருப்பார். அதனால் அனைவரும் மூன்று பொறுப்புகளையும் பழகுவர். பின்னர் தற்காப்பு வீரர் ஒருவரைத் தாமதமாகச் சேர்க்கும்போது, சாதகம் குறைவதை உணர்ந்து விரைவாக முடிவெடுக்க நேரிடும். ஒருவருக்கு எதிராக 2 பேர் செல்லும்போது, தற்காப்பு வீரர் பொதுவாக வட்டு கைமாறும் பாதையை மறிப்பார். நேரடியாக அடிக்கப்படும் வட்டைத் தடுப்பது கோல்கீப்பரின் பொறுப்பு. பாதை அடைபட்டால் அடிப்பது, திறந்திருந்தால் சக வீரருக்குக் கடத்துவது என்ற எளிய விதி அங்கு போதுமானது.

இவற்றில் பலவற்றைத் தளத்தின் ஒரு சிறு பகுதியிலேயே பயிற்றுவிக்க முடியும். வரிசையைக் கவனிப்பது, இடைவெளியைக் கண்டறிவது, சக வீரரின் இடத்தைக் காப்பது ஆகிய பழக்கங்களைப் பனிக்கட்டி உருகிய பின்னர் வெறும் தரையிலும் தொடரலாம். ஆண்டின் பெரும்பகுதி பனித்தளம் கிடைக்காத வீரர்களுக்கு இம்முறை பொருந்துவது அதனால்தான்.