வேகம் காட்டிய மீட்டர் நேரம் காட்டும்!

ஓடி ஓடி ஓய்ந்த காரை என்ன செய்வார்கள்? காயலான் கடைக்குப் போட்டுவிடுவார்கள். டயர் ஒரு பக்கம் போகும். கதவு ஒரு பக்கம் போகும். மிச்சம் எடைக்குப் போகும்.

ஆனால், அது தாத்தா ஓட்டிய கார் என்றால் மனம் கேட்குமா? அந்தக் காரில்தான் பாட்டியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போயிருப்பார். அந்தக் காரில்தான் மகள் புகுந்த வீட்டுக்குப் போயிருப்பாள். அதற்காகக் காரை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியுமா?

கார் வேண்டாம். அதன் வேகம் காட்டும் மீட்டர் போதும். அதை மேஜைக் கடிகாரமாக மாற்றிவிடலாம்!

அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-ல் நின்றுபோயிற்று. பழைய கார்கள் உடைபடும்போது மீட்டரும் கழன்று வருகிறது. சொந்தக் கார் இல்லாதவர்களும் பழைய மீட்டர் வாங்கலாம். கார் உதிரி சாமான்களுக்குப் பெயர்போன சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பார்க்கலாம். ஓடாத மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். நல்ல மீட்டரைக் கெடுக்க வேண்டாம்.

கடிகாரக் கடைப் பிள்ளை

மீட்டருக்கும் கடிகாரத்துக்கும் உறவு உண்டு. 1851-ல் லண்டனில் சாமுவேல் ஸ்மித் என்பவர் கடிகாரக் கடை தொடங்கினார். அந்தக் கம்பெனிதான் பிற்காலத்தில் கார் மீட்டர் செய்து புகழ் பெற்றது. பழைய இங்கிலாந்துக் கார்கள் பலவற்றின் மீட்டரில் ‘ஸ்மித்ஸ்’ என்ற பெயரைக் காணலாம்.

பழைய மீட்டருக்குள் ஒரு காந்தம் இருக்கும். கார் ஓடும்போது, ஒரு கேபிள் அதைச் சுழற்றும். காந்தத்தை மூடியபடி ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். சுழலும் காந்தம் அதைத் தன்னோடு இழுக்கும். முடி போன்ற மெல்லிய ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ, அதுதான் காரின் வேகம்!

புது இதயம்

இந்தப் பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டு, குவார்ட்ஸ் கடிகார மெஷினை வைக்க வேண்டும். கடிகாரம் பழுது பார்க்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்று போதும்.

அதற்குள் அரிசியைவிடச் சிறிய குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது ஒரு விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது! இந்த எண்ணைப் பாதியாக்கி, மறுபடியும் பாதியாக்கி, இப்படி 15 தடவை செய்தால் 1 வரும். அந்த ஒரு துடிப்புதான் விநாடி முள்ளை ஒரு படி நகர்த்துகிறது.

செய்வது எப்படி?

சுமார் 4 அங்குல அகலமுள்ள வட்ட மீட்டர் வசதியானது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் தட்டைத் திருப்புளியால் சிறிது சிறிதாக நெம்புங்கள். அவசரப்பட்டால் கண்ணாடி உடையும்.

முள்ளைக் கழற்ற இரண்டு தேக்கரண்டி போதும். டயல் மீது அட்டையை வைத்து, இரு பக்கமும் ஒரே சமயத்தில் நெம்பினால் முள் வந்துவிடும். டயலைத் தண்ணீரில் கழுவாதீர்கள். எழுத்து அழிந்துவிடலாம். காய்ந்த துணியால் துடையுங்கள்.

நடுத் துளையை மெஷினின் தண்டு நுழையும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போதும். டயலைச் சுற்றி 30 டிகிரிக்கு ஒரு புள்ளியாக 12 புள்ளிகள் வையுங்கள். மெஷினைப் பின்னால் வைத்து, முன்னால் நட்டைத் திருகுங்கள். மூன்று முட்களையும் 12-ஐப் பார்த்தபடி பொருத்துங்கள். டப்பாவின் பின்பக்கத்தை வெட்டித் திறப்பு விடுங்கள். அப்போதுதான் பேட்டரி மாற்றவும், நேரம் திருத்தவும் முடியும். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

ஓடவில்லையா?

மூன்று காரணங்களைப் பாருங்கள். மீட்டரின் பழைய முள்ளையே மாட்டியிருக்கலாம். அது கனமானது, சின்ன மெஷினால் அதைத் தூக்க முடியாது. முட்கள் ஒன்றோடொன்று உரசலாம். அல்லது, பழைய காந்தம் டப்பாவிலேயே இருக்கலாம். காந்தம் பக்கத்தில் இருந்தால் குவார்ட்ஸ் மெஷின் நின்றுவிடும்.

எச்சரிக்கை!

இரண்டாவது உலகப் போர்க் காலத்து விமான மீட்டர்களையும், ராணுவ வண்டி மீட்டர்களையும் திறக்கவே கூடாது. மிகப் பழைய கார் மீட்டர் எதிலாவது எண்ணும் முள்ளும் தடிப்பான, மங்கிய பூச்சோடு இருந்தால் அதையும் தொடாதீர்கள். அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லை என்றாலும் ஆபத்து போய்விடாது. ரேடியத்தின் வீரியம் பாதியாகவே 1,600 ஆண்டு ஆகும்!

1920-களில் அமெரிக்காவில் கடிகார டயல்களுக்கு இந்தப் பூச்சைத் தீட்டிய பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். ரேடியம் உடலுக்குள் போயிற்று. பலருக்குத் தாடை எலும்பு அரித்தது. பலர் மாண்டார்கள். ஆகவே, சுரண்டாதீர்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். வேறு மீட்டரைத் தேடுங்கள்.

கடைசி எண்

மீட்டரைப் பிரிக்கும் முன் ஒன்றை மறக்க வேண்டாம். கார் ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் எண்ணைக் குறித்து வையுங்கள். எண் சக்கரங்களை எடுத்த பிறகு, அதே எண்ணைக் காகிதத்தில் எழுதி, டயலின் ஜன்னலுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

கடிகாரம் ஓடும்; அந்த எண் மாறாது. “இது என்ன நம்பர்?” என்று ஒருநாள் பேரக் குழந்தை கேட்கும். அன்று தாத்தாவின் கதையைச் சொல்லலாம்.