சிதம்பரத்தில் கிடைத்த 73

ஒரு பேப்பர் எடுங்க. 703-ஐ, 6-ஆம் அடுக்கு எண்களோட கூட்டலா எழுதணும். நம்ம கையில இருக்கிறது 1-ம் 64-ம்தான். அடுத்தது 729, அது பெரிசு. பத்து 64 போட்டா 640. மிச்சம் 63-க்கு அறுபத்து மூணு ஒன்றுகள். ஆக 73. இதைவிடக் குறைக்க முடியாது.

சரி, 73-க்கும் மேல கேட்கிற எண் ஏதாவது இருக்கா? இங்கதான் வம்பு. எண்களுக்கு முடிவே இல்லை, எத்தனையைப் போட்டுப் பார்ப்பீங்க? 'அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது'ன்னு 1940-ல் நிரூபிச்சவர், சிதம்பரத்துல பாடம் நடத்திக்கிட்டிருந்த எஸ். எஸ். பிள்ளை.

செங்கோட்டை பக்கம் வல்லத்தில் 1901-ல் பிறந்தவர். சின்னக் குழந்தையா இருக்கும்போதே அம்மா தவறிட்டாங்க. பள்ளி முடிக்கிறதுக்குள்ள அப்பாவும். ஓர் ஆசிரியர் கைகொடுத்துதான் படிப்பு தொடர்ந்தது. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல சேர்ந்தார். பல்கலைக்கழகம் தொடங்கினதே அந்த வருஷம்தான்! கடலூரைத் தலைநகரா வச்சிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்துல, அப்போதான் முளைச்ச ஒரு இடம்.

1770-ல் எட்வர்டு வேரிங் கிளப்பிவிட்ட கேள்வி இது. 6-க்கு மேற்பட்ட அடுக்குகளுக்கு ஏறக்குறைய முழு விடையையும் பிள்ளை 1936-ல் கண்டுபிடிச்சார். அதே சமயத்துல சிகாகோவுல டிக்சனும் தனியா அதே முடிவுக்கு வந்தார். பிள்ளை கட்டுரையை எங்க போட்டார் தெரியுமா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட சொந்த இதழ்ல. (காலேஜ் பத்திரிகையை யார் படிப்பான்னு கேட்கிற நண்பர்கள் கவனிக்க.) சென்னைப் பல்கலைக்கழகத்துல கணிதத்துக்கு டி.எஸ்சி. பட்டம் வாங்கின முதல் ஆளும் இவர்தான்.

அந்த 6-ஆம் அடுக்கு மட்டும் பிடி கொடுக்காம நின்னுச்சு. விடலை மனுஷன். நாலு வருஷம் கழிச்சு அதையும் முடிச்சார்.

1941-ல் சிதம்பரத்தை விட்டு திருவிதாங்கூர், பிறகு கல்கத்தா. 1950-ல் பிரின்ஸ்டன்ல ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்ய அழைப்பு வந்தது. ஹார்வர்டு உலகக் கணித மாநாட்டுக்கும் போகணும். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து 55 பேரும் இறந்தாங்க. பிள்ளைக்கு வயசு 49.

மிச்சம் இருந்த 5-ஆம் அடுக்கை 1964-ல் சீனாவின் சென் ஜிங்ரன் முடிச்சார்: 37. 4-ஆம் அடுக்குக்கு 1986 வரை காத்திருக்க வேண்டியதாச்சு, விடை 19. கண்டுபிடிச்ச மூணு பேர்ல ரெண்டு பேர் பிரெஞ்சுக்காரங்க, ஒருத்தர் நம்ம ஆர். பாலசுப்ரமணியன். பேப்பர்ல இடம் இருந்தா 79-ஐ 4-ஆம் அடுக்குகளா உடைச்சுப் பாருங்க.