பந்தலில் கொடுத்த பானகம்

மாசி பிறந்தால் ஜவ்வாது மலையில் புளி உலுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஜமுனாமரத்தூர் வட்டார மலைவாழ் மக்களுக்குச் சாமை, தேன் போலப் புளியும் ஒரு வருமானம். ஓடு உடைத்து, நார் கழித்து, கொட்டை நீக்கிய புதுப்புளி போளூர்ப் பக்கம் இறங்கும்போது வெயிலும் ஏறியிருக்கும். திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்று வீட்டு வாசல்களில் பந்தல் எழும்பும் காலமும் அதுதான்.

அந்தப் பந்தலில் நுழைகிறவர்களை உட்கார வைத்ததும், “மொதல்ல இதக் குடிங்க மாமா” என்று ஒரு டம்ளர் பானகத்தை நீட்டுவார்கள். சாப்பாடு, பேச்சு, சீர்வரிசை எல்லாம் அதற்கப்புறம்தான். இன்று அந்த இடத்தில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் நிற்கிறது. பழையது என்பதற்காக நான் பானகத்துக்குப் பரிந்து பேசவில்லை. வெயிலில் வந்த உடம்புக்கு அதன் வேதியியல் பொருந்துகிறது.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சின்ன எலுமிச்சை அளவு புளி, 60 கிராம் வெல்லம், கால் டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, மூன்று ஏலக்காய். புளியைக் கரைத்து வடிகட்டி, வெல்லத்தைத் தனியாகக் கரைத்து மண் போக இறுத்து, இரண்டையும் கலந்தால் ஐந்து பேருக்குப் போதும். முப்பது பேர் என்றால் எல்லாம் ஆறு மடங்கு.

இதில் கண்ணுக்குத் தெரியாமல் பெரிய வேலை செய்வது உப்பு. சிறுகுடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாகத்தான் உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. 1960இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இந்த இணைப்பை விளக்கினார். 1971இல் வங்காள எல்லையில், பொங்காவ்ன் ஊரில் தங்கியிருந்த அகதிகள் நடுவே காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலனபிஸ் இதே தத்துவத்தில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றினார். பானகத்தில் வெல்லத்தின் சுக்ரோஸ் குடலில் உடைந்து குளுக்கோஸைத் தருகிறது. ஆனால் வயிற்றுப்போக்குக்குப் பானகம் மருந்தாகாது. அதற்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் வேண்டும்.

வெல்லம் 60 கிராம் என்பதிலும் காரணம் உண்டு. கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. இனிப்பு அவ்வளவு கெட்டியானால் இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும்; தாகம் அடங்க நேரமாகும். நீர்த்த பானகம் சீக்கிரம் இறங்கிவிடும். இனிப்பு குறைவு என்று நாக்குக்குத் தோன்றாதபடி புளிப்பும் காரமும் பார்த்துக்கொள்கின்றன.

அந்தப் புளிப்பு டார்டாரிக் அமிலம். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். மற்ற பல பழங்கள் பழுக்கும்போது அமிலம் குறையும். புளியம்பழத்திலோ சர்க்கரை ஏறினாலும் டார்டாரிக் அமிலம் அப்படியே நிற்கும். சுக்கின் கதையும் சுவையானது. பச்சை இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால் காயும்போது நீரை இழந்து, அதைவிடக் காரமான ஷோகாலாக மாறுகிறது. ஏலக்காயிலுள்ள சினியோல், நாக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. ஒரே வாயில் காரமும் குளிர்ச்சியும் எழுவது இதனால்தான்.

பாத்திரத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது. அமிலம் பித்தளையிலுள்ள செம்பின் மேற்படலத்தைக் கரைத்து எடுத்துவிடுகிறது. அதே அமிலம் அதே உலோகத்தில் மணிக்கணக்காக நின்றால், கரைந்த செம்பு வயிற்றுக்குள் போகும், வாந்தி வரும். அதனால்தான் விசேஷத்துக்கு முன் ஈயம் பூசுகிறவரை வரவழைத்தார்கள். அவர் அண்டாவைத் தணலில் காய வைத்து, நவச்சாரத்தைத் தூவுவார். வெண்புகை குப்பென்று எழும். உலோகத்தின் அழுக்கு அதோடு கழன்றுவிடும். வெள்ளீயத்தை உள்ளே தொட்டதும் உருகி ஓடும். துணியால் ஒரே சுற்று, உட்புறம் முழுக்க வெள்ளியாகிவிடும். காரீயம் கலக்காத சுத்தமான வெள்ளீயமாக இருப்பது முக்கியம். காரீயம் நரம்புக்கு நஞ்சு.

ஈயம் பூச ஆள் கிடைக்காத இன்று மண்பானையே நல்லது. அதன் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஐஸ் கட்டிக்கு வேலையில்லை.

வெல்லத்துக்குப் பதில் மலைத்தேன் ஊற்றுகிறவர்களும் உண்டு. தேன் கெட்டியாக இருக்கும்வரை கெடாது. தண்ணீர் கலந்ததும் ஈஸ்டுகள் விழித்துப் புளிக்க வைத்துவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்தது எதையும் கொடுக்கவே கூடாது.

அடுத்த விசேஷத்துக்கு பாட்டில் பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு பானை பானகத்தை நினைத்துப் பாருங்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போனால் புதுப்புளி வாங்கி வாருங்கள். கொதித்து ஆறிய நீரில் கலந்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ள விருந்தினருக்குப் பக்கத்திலேயே இன்னொரு பானையில் நீர்மோர் வையுங்கள்.