4கே மானிட்டர் ஏன் 30 ஹெர்ட்ஸ்லயே நிக்குது?

இந்த எபிசோடுக்குக் காரணம் என்னோட மவுஸ்.

தாம்பரம் வீட்ல உட்கார்ந்து வேலை பார்க்கறதுக்காக, சேர்த்து வெச்ச காசுல ஒரு 4கே மானிட்டர் வாங்கினேன். எழுத்தெல்லாம் அவ்வளவு தெளிவு. ஆனா மவுஸை நகர்த்தினா கர்சர் விட்டு விட்டு குதிக்குது. ரெண்டு வாரம் அப்படியே கோட் எழுதி தலைவலி வந்ததுதான் மிச்சம். "கண்ணைக் காட்டிட்டு வாடா"ன்னு அம்மா சொன்னாங்க. போனேன், பவர் மாறவே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட் போய் '4கே'ன்னு அட்டையில போட்ட புது கேபிள் வாங்கினேன், அதுலயும் அதே கதை. மானிட்டரைத் திருப்பி அனுப்பிடலாம்னு இருந்த அன்னைக்குத்தான் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். 30 ஹெர்ட்ஸ். 60-ங்கற ஆப்ஷனே லிஸ்ட்ல இல்லை.

சரி, கணக்குப் போடுவோம். 4கேன்னா 3840 பெருக்கல் 2160 பிக்சல். நொடிக்கு 60 தடவை அனுப்பணும், ஒரு பிக்சலுக்கு 24 பிட். மொத்தம் நொடிக்கு சுமார் 11.9 ஜிகாபிட்.

ஆனா உண்மையில கேபிள்ல போறது அதைவிட அதிகம். எச்டிஎம்ஐ டைமிங்படி 4கே ஃபிரேமோட முழு அளவு 4400 பெருக்கல் 2250. திரையில தெரியாத அந்த மிச்ச இடத்துக்குப் பேர் பிளாங்கிங். இது பழைய டியூப் டிவி காலத்து வழக்கம். 1975-ல சென்னையில தூர்தர்ஷன் ஆரம்பிச்சப்போ படத்துக்கு 625 கோடு. அதுல படம் இருந்தது 576-ல மட்டும்தான். மீதி நேரம், எலக்ட்ரான் கற்றை கீழிருந்து மறுபடி மேல போறதுக்கு. இப்போ கற்றையே கிடையாது, ஆனா இடைவெளி இருக்கு. சும்மாவும் இல்லை: எச்டிஎம்ஐ-ல ஆடியோ போறதே அந்த இடைவெளியிலதான்.

அதையும் சேர்த்தா 14.26 ஜிகாபிட். என் லேப்டாப்ல இருந்தது எச்டிஎம்ஐ 1.4 போர்ட். அதோட வேகம் 10.2-ன்னு சொல்வாங்க. ஆனா ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டா மாத்தி அனுப்பறதால, நமக்குக் கிடைக்கறது 8.16 மட்டும்தான். 60 ஹெர்ட்ஸ் அதுல போகாது. பாதியாக்கினா 7.13, அது போகும். அதான் 30! பெட்டியில போட்ட '4கே' பொய் இல்லை. எத்தனை ஹெர்ட்ஸ்ல-ங்கறதைத்தான் சொல்லலை.

எச்டிஎம்ஐ 2.0-ல கிடைக்கறது 14.4. அதாவது 4கே 60 மயிரிழையில உள்ள போயிடும். ஆனா லேப்டாப், கேபிள், மானிட்டர் மூணும் அதுக்கு ஒத்துழைக்கணும். மூணுல எது மெதுவோ, அதோட வேகம்தான் மொத்தத்துக்கும். புது கேபிள் மட்டும் வாங்கின என் காசு போனது இதனாலதான்.

அப்புறம் எப்படி சரியாச்சு? என் லேப்டாப்போட டைப்-சி போர்ட்ல டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தது. நாலு லேனும் கிடைச்சா 17.28 ஜிகாபிட். ஒரு எச்சரிக்கை: நடுவுல யூஎஸ்பி 3 ஹப் இருந்தா, பெரும்பாலும் ரெண்டு லேனை அது எடுத்துக்கும். மிச்சம் 8.64, திரும்பவும் 30 ஹெர்ட்ஸ். அதனால நேரா டைப்-சி டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டேன். 60 வந்துடுச்சு.

மானிட்டர் வாங்கறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப் மாடலோட ஸ்பெக் ஷீட்ல போர்ட் வெர்ஷனைப் பாருங்க. 1.4-தான்னா, 2560 பெருக்கல் 1440 மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்ல ஓடறதுக்கு அதுல இடம் இருக்கு. காசும் மிச்சம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.