பதில் பேசாத பரிசு

கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் பிறந்தநாள் விழாக்களில் பெரும்பாலானோர் கடித உறைக்குள் காசு வைத்துக் கொடுப்பார்கள். நெருங்கிய உறவுக்காரர் அப்படிச் செய்வதில்லை. தாய்மாமனோ சித்தியோ பெட்டியோடுதான் வருவார்கள். முன்பு அந்தப் பெட்டிக்குள் தங்கச் சங்கிலி இருக்கும், அல்லது ஓடி விளையாட ஒரு வண்டி இருக்கும். இப்போது பல நேரம் தடித்த ரப்பர் உறை போட்ட டேப்லட் இருக்கிறது. பெறுகிற பிள்ளைக்கு ஒரு வயதோ இரண்டு வயதோதான். ஓவர்டைம் செய்து சேர்த்த காசில் வாங்கிய பொருள் அது. அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெட்டியைப் பிரிக்கும் முன் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று, ரொறன்ரோ மருத்துவர்களிடமிருந்தே வந்திருக்கிறது.

ரொறன்ரோவின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனையும் செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனையும் சேர்ந்து ‘டார்கெட் கிட்ஸ்’ என்ற நீண்டகால ஆய்வை நடத்திவருகின்றன. வழக்கமான உடல்நலப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் வரும் பிள்ளைகளின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதே இதன் முறை. 2011 முதல் 2015 வரை இதில் இருந்த, ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான 894 குழந்தைகளைப் பற்றிய முடிவுகளை மருத்துவர் கேத்தரின் பர்கனும் அவருடைய குழுவினரும் 2017 மே மாதம் ஒரு மருத்துவ மாநாட்டில் அறிவித்தார்கள். பதினெட்டு மாதப் பரிசோதனைக்கு வந்த பிள்ளைகளில் ஐந்தில் ஒன்று கைப்பேசியோ டேப்லட்டோ பார்த்துக்கொண்டிருந்தது. நாளுக்குச் சராசரியாக 28 நிமிடம். பார்க்கும் நேரம் ஒவ்வோர் அரை மணி கூடும்போதும், சொல்ல நினைப்பதைச் சொற்களாக வெளியிடுவதில் தாமதம் ஏற்படும் வாய்ப்பு 49 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது.

கை நீட்டிக் காட்டுவது, தலையாட்டுவது, முகம் பார்த்துச் சிரிப்பது போன்ற மற்றத் தொடர்பாடல் திறன்களில் அப்படி எந்த வேறுபாடும் தெரியவில்லை. பின்தங்கியது பேச்சு மட்டும். 2019இல் ஆய்விதழில் முழுக் கட்டுரையாக வெளிவந்தபோதும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

இந்த எண்களை அளவோடு வாசிக்க வேண்டும். பெற்றோர் நினைவிலிருந்து சொன்ன நேரக் கணக்கு இது. திரைதான் காரணம் என்று இந்த ஆய்வு மட்டும் நிறுவிவிடாது. பேச்சு தாமதமான பிள்ளையை அமைதிப்படுத்தத்தான் கைப்பேசியைக் கொடுத்தார்களோ என்ற கேள்விக்கும் இடமுண்டு. மருத்துவர்களே இதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். ஆகவே காரணத்தைத் தேட வேறு ஆய்வுக்கூடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. போய்ப் பார்த்தால் கிடைப்பது, தமிழ் வீடுகளுக்கென்றே செய்துவைத்தது போன்ற ஆராய்ச்சி.

முதல் நிறுத்தம் வன்கூவர். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த உளவியலாளர் ஜேனட் வெர்க்கர் 1984இல் ரிச்சர்ட் டீஸுடன் சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டார். ஆங்கிலம் மட்டும் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள இரண்டு ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். நாக்கை மடித்துச் சொல்லும் ‘ட’, பல்லில் தொட்டுச் சொல்லும் ‘த’. ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு தேவையில்லை, ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆனால் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் தெளிவாகப் பிரித்தறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. குழந்தை எந்த மொழி ஒலியையும் கேட்டறியக்கூடிய காதோடு பிறக்கிறது. சுற்றியிருப்பவர்கள் பேசாத ஒலிகளை முதல் பிறந்தநாளுக்குள் அது கைவிடத் தொடங்குகிறது.

அப்படியானால் பேச்சைத் திரையிலிருந்து கொடுத்தால் என்ன? யூடியூபில் தமிழ்ப் பாட்டு, தமிழ்க் கதை எல்லாம் இருக்கிறதே என்று ரொறன்ரோப் பெற்றோர் கேட்பது இயல்பு. இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் சியாட்டிலில் ஆய்வாளர் பட்ரீஷியா கூல் 2003இல் பதில் கண்டார். ஒன்பது மாதமான, ஆங்கில வீட்டுக் குழந்தைகள் சிலரோடு மாண்டரின் சீன மொழி பேசுபவர்கள் பன்னிரண்டு முறை அமர்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் வாசித்து விளையாடினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பொம்மை, அதே புத்தகம், ஆனால் தொலைக்காட்சி வழியாக. மூன்றாம் குழுவுக்குக் குரல் மட்டும். நேரில் விளையாடிய குழந்தைகள், மாண்டரினுக்கே உரிய ஓர் ஒலி வேறுபாட்டைத் தாய்வான் குழந்தைகளுக்கு நிகராகப் பிரித்தறிந்தன. தொலைக்காட்சி பார்த்த குழந்தைகளும் குரல் மட்டும் கேட்ட குழந்தைகளும் ஒன்றும் கற்கவில்லை. திரையை அவை உற்றுத்தான் பார்த்தன. பார்த்தும் பயனில்லாமல் போனது.

குழந்தையின் மொழி பந்து விளையாட்டைப் போன்றது. அது ‘ங்கா’ என்று ஒன்றை எறிகிறது. எதிரில் இருப்பவர் பிடித்து, ‘என்ன குஞ்சு, பசிக்குதோ?’ என்று திருப்பி எறிகிறார். குழந்தை எங்கே பார்க்கிறது என்று பார்த்து அந்தப் பொருளின் பெயரைச் சொல்கிறார். பிழையாகச் சொன்னால் சரியான சொல்லோடு திருப்பித் தருகிறார். காணொளி எத்தனை அழகாகத் தமிழ் பேசினாலும் இதைச் செய்யாது. அது குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை.

திரை ஓடும் வீட்டில் எவ்வளவு பேச்சு குறைகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மேரி பிரஷ் என்ற ஆய்வாளரின் குழு 220 குடும்பங்களின் குழந்தைகளுக்கு, பேச்சைப் பதிவுசெய்யும் சிறு கருவியை உடையோடு சேர்த்து அணிவித்தது. பெற்றோரின் நினைவை நம்பத் தேவையில்லாத முறை இது. 2024இல் வெளியான முடிவின்படி, மூன்று வயதில் ஒவ்வொரு நிமிடத் திரை நேரத்துக்கும் குழந்தை கேட்ட பெரியவர் சொற்கள் ஏறக்குறைய ஏழு குறைந்தன. குழந்தை எழுப்பிய ஒலிகள் ஐந்து குறைந்தன. இருவருக்கும் இடையிலான மாறிமாறிப் பேசுதல் ஒன்று குறைந்தது. ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு.

திரை இல்லாத மின்னணு விளையாட்டுப் பொருள் என்றால் பரவாயில்லையா? பொத்தானை அழுத்தினால் எண்ணும் எழுத்தும் பாடும் பிளாஸ்டிக் மடிக்கணினிகளைப் பரிசாகத் தருவோர் நிறையப் பேர். அமெரிக்காவின் வட அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஆனா சோசா 26 தாய் அல்லது தந்தையையும் அவர்களுடைய பத்து முதல் பதினாறு மாதக் குழந்தைகளையும் வைத்து இதைச் சோதித்தார். புத்தகம் கையில் இருந்தபோது பெற்றோர் நிமிடத்துக்குச் சராசரியாக 67 சொற்கள் பேசினார்கள். மரக்கட்டை, புதிர்ப்பலகை போன்ற சாதாரண விளையாட்டுப் பொருளோடு 56. மின்னணுப் பொருளோடு 40. பொருள் பேசத் தொடங்கியதும் பெற்றோர் வாயை மூடிக்கொண்டார்கள்.

பரிசு என்பதில்தான் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. அம்மாவின் கைப்பேசியில் எப்போதாவது பத்து நிமிடம் பார்ப்பது ஒன்று. ‘இது உனக்கு’ என்று சொல்லிக் கொடுத்துவிட்ட டேப்லட் வேறொன்று. அது பிள்ளையின் உடைமை. வாங்கி வைப்பதற்கு ஒவ்வொரு முறையும் வழக்காட வேண்டியிருக்கும். ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோலின் ஃபிட்ஸ்பாட்ரிக், நோவா ஸ்கோஷியாவின் 315 பிள்ளைகளை மூன்றரை, நாலரை, ஐந்தரை வயதில் பின்தொடர்ந்தார். மூன்றரை வயதில் டேப்லட்டோடு மற்றவர்களைவிட நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடுதலாகக் கழித்த பிள்ளைகளிடம், ஓராண்டு கழித்துக் கோபமும் எரிச்சலும் கூடுதலாகத் தெரிந்தன. அந்தக் கோபக்காரப் பிள்ளைகள் ஐந்தரை வயதில் இன்னும் அதிகமாக டேப்லட் பார்த்தார்கள். அழுகையை அடக்கத் திரை, திரையால் மேலும் அழுகை என்று சக்கரம் சுழல்கிறது. தன் கோபத்தைத் தானே ஆற்றிக்கொள்ளப் பிள்ளை பழக வேண்டிய வயதில் அந்தப் பழக்கம் நடக்காமல் போகிறது.

‘கல்விக்கானது’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறதே என்பார்கள். ‘பேபி ஐன்ஸ்டீன்’ காணொளிகளை வாங்கிய லட்சக்கணக்கான பெற்றோரும் அதை நம்பித்தான் வாங்கினார்கள். 2007இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இவ்வகைக் காணொளிகளைப் பார்க்கும் எட்டு முதல் பதினாறு மாதக் குழந்தைகள், தினமும் பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆறு முதல் எட்டுச் சொற்கள் குறைவாக அறிந்திருந்ததைக் கண்டார்கள். 2009இல் ‘பேபி ஐன்ஸ்டீன்’ காணொளிகளை விற்ற டிஸ்னி நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. பாதுகாப்பு இன்னொரு கவலை. சிறுவர் டேப்லட் விற்கும் வீடெக் நிறுவனத்தின் கணினிகளுக்குள் 2015 நவம்பரில் ஒருவர் புகுந்தபோது, உலகெங்கும் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்கள் வெளிப்பட்டன. அவர்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கனடியக் குழந்தைகள். பெயர், பிறந்த நாள் எல்லாம் அதில் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத வயதில் பிள்ளையின் அடையாளம் அந்நியர் கைக்குப் போயிற்று.

பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதையெல்லாம் சொல்லவில்லை. ஒருவர் பகல் வேலைக்கும் மற்றவர் இரவு வேலைக்கும் போகும் வீடு, அடுக்குமாடியின் இரண்டு அறை, ஐந்து மாதக் குளிர். சமைத்து முடிக்கும் வரை பிள்ளை ஓரிடத்தில் இருக்க வேண்டும். இந்த நெருக்கடி உண்மையானது. கனடியக் குழந்தை மருத்துவச் சங்கமும் முழுத் தடை கேட்கவில்லை. 2022இல் புதுப்பித்த அதன் வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்தி, பெரியவர் பக்கத்தில் இருந்து சேர்ந்து பார்ப்பது நல்லது என்கிறது. இரண்டு வயதுக்குள்ளும் ஒன்றுக்கு மட்டும் அனுமதி உண்டு. உறவினரோடு வீடியோ அழைப்பு.

அந்த விலக்குக்கும் அறிவியல் ஆதாரம் இருக்கிறது. 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள் புதிய வினைச்சொற்களை நேரில் கற்ற அளவுக்கு ஸ்கைப் வழியாகவும் கற்றன. வேறொரு குழந்தையோடு பேசியதைப் பதிவுசெய்து காட்டியபோது கற்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ அப்பம்மா வாட்ஸப்பில் வந்து, ‘உன்ரை பொம்மையைக் காட்டு பாப்பம்’ என்று கேட்டு, பிள்ளை காட்டியதும் அதைப் பற்றிப் பேசினால், அது பதில் பேசும் திரை. அதற்குப் புது டேப்லட் தேவையில்லை. வீட்டில் இருக்கிற கைப்பேசி போதும்.

விலை உயர்ந்த கருவி ஒரு சின்னப் பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றும் இடமும் உண்டு. அதுவும் ரொறன்ரோவின் கதைதான். 1971இல் இந்நகரின் சிறுவர் மறுவாழ்வு மையம் ஒன்றில், இன்றைய ஹாலந்து புளூர்வியூ மருத்துவமனையின் முன்னோடி அது, மூளை முடக்குவாதத்தால் பேச முடியாத பிள்ளைகளுக்கு ஷெர்லி மக்நாட்டன் என்ற ஆசிரியரும் அவருடைய குழுவினரும் வழி தேடிக்கொண்டிருந்தார்கள். சார்ல்ஸ் பிளிஸ் என்பவர் உலகப் பொதுமொழியாக உருவாக்கியிருந்த சித்திரக் குறிகள் ஒரு நூலில் அவர்கள் கண்ணில் பட்டன. பலகையில் குறிகளைத் தொட்டுக் காட்டி, அதுவரை பேசாத பிள்ளைகள் தங்கள் விருப்பத்தையும் கோபத்தையும் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பலகையின் வழித்தோன்றல்களாக இன்று, படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் டேப்லட்டுகள் இருக்கின்றன. பேச்சு சிகிச்சையாளர் பிள்ளையைப் பார்த்துத் தேர்ந்து, பெற்றோருக்கும் பழக்கிக் கொடுக்கும் கருவி அது. இன்னொருவரோடு பேசுவதற்காகவே கையில் தரப்படுவது. அப்படித் தேவைப்படும் பிள்ளைக்குத் தயங்காமல் கிடைக்க வேண்டும்.

வயது ஏறினால் கணக்கு மாறுமா? கொஞ்சம் மாறும், முழுதாக அல்ல. டார்கெட் கிட்ஸ் குழு 2025இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிக்கு முன்னும் தொடக்கத்திலும் பிள்ளைகள் திரையில் கழித்த நேரத்தை, ஒன்ராறியோ மூன்றாம், ஆறாம் வகுப்புப் பொதுத் தேர்வு முடிவுகளோடு ஒப்பிட்டது. நாளுக்கு ஒவ்வொரு மணி நேரம் கூடும்போதும், மூன்றாம் வகுப்பு வாசிப்பிலும் கணக்கிலும் உயர்ந்த நிலையை எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்து காணப்பட்டது. மாகாண அரசு 2024 செப்டம்பர் முதல், ஆறாம் வகுப்பு வரையான பிள்ளைகள் பள்ளி நாள் முழுவதும் கைப்பேசியைக் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச் சபை உட்பட நான்கு ஒன்ராறியோச் சபைகள், மெட்டா, ஸ்னாப், பைட்டான்ஸ் ஆகிய சமூக ஊடக நிறுவனங்கள் மீது நானூறு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்தன.

கண் பிரச்சினையையும் விட்டுவிட முடியாது. வாட்டர்லூப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கில், ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளில் 6 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை. பதினொன்று முதல் பதின்மூன்று வயதில் அது 29 சதவீதம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வெளியே விளையாடிய பிள்ளைகளிடம் அந்த வாய்ப்பு 14 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆகவே இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சில நூறு டாலர் செலவழிக்கத் துணிந்த மாமாவுக்குச் சொல்ல இருப்பது இதுதான். நல்ல பனி உடுப்பும் சறுக்குப் பலகையும் வாங்குங்கள், வெளியே விளையாடக் கூட்டிக்கொண்டும் போங்கள். ரொறன்ரோப் பொது நூலகத்துக்கு நூறு கிளைகள் இருக்கின்றன, தமிழ்ப் புத்தகங்களும் உண்டு, அட்டை இலவசம். ஆறு வயது வரையான பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து விளையாட ‘ஏர்லிஆன்’ மையங்கள் ஒன்ராறியோ எங்கும் கட்டணமின்றி நடக்கின்றன. வேலையில் களைத்த தாய்க்கு ஒரு சனிக்கிழமை காலை ஓய்வு கொடுத்துவிட்டு அங்கே பிள்ளையோடு தமிழில் பேசிக்கொண்டிருக்கலாம். எதிர்காலத்துக்கென்று காசாகவே தர விரும்பினால், பிள்ளையின் பெயரில் பதிவுசெய்த கல்விச் சேமிப்புக் கணக்கில் போடலாம். போடும் தொகைக்கு மத்திய அரசு 20 சதவீதம், ஆண்டுக்கு 500 டாலர் வரை, மானியமாகச் சேர்க்கிறது. கணினி படிக்க வேண்டிய வயது வரும்போது அந்தக் காசு அங்கே இருக்கும்.