குரல் ஓயாவிட்டாலும்

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய கதையைச் சிறு வயதில் கேளாதவர் நம்மில் இல்லை. அதுவரை குரங்கைப் பற்றிய சிந்தனையே இல்லாதிருந்த அந்த நோயாளிக்கு, எச்சரிக்கையைக் கேட்ட கணம் முதல், கிண்ணத்தைக் கையில் எடுக்கும் வேளைதோறும் குரங்கு வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. 1987-ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூல் அறிஞர் டேனியல் வெக்னர் ஏறக்குறைய இதே சங்கடத்தைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிப் பார்த்தார். வெள்ளைக் கரடியை ஐந்து நிமிஷம் நினையாதிருக்க வேண்டும், நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்று அவர் மாணவர்களைப் பணித்தபோது மணி மீண்டும் மீண்டும் ஒலித்தது. அதன்பின், இனி நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்ததும், முதலிலிருந்தே தடையின்றி நினைத்தவர்களைக் காட்டிலும் தடுத்து வைத்திருந்தவர்களின் உள்ளத்திலேயே கரடி அதிகமாக உலாவியது.

கரடியோடு போயிற்றென்றால் பாதகமில்லை. யாருமில்லாத அறையில், தன் பெயரைச் சொல்லி இழித்துரைக்கும் குரல் ஒன்று இரவும் பகலும் தெளிவாகக் காதில் விழுகிறவருடைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மனச்சிதைவு முதலிய நோய்களில் தோன்றும் இந்தக் குரல்களும், எல்லோரும் தமக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்பது போன்ற அசையாத நம்பிக்கைகளும், அனுபவிப்பவருக்குப் பிரத்தியட்சமான உண்மைகளே. 1952-இல் பாரிஸ் நகரத்து வைத்தியர்களான ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்புரோமசீன் என்னும் மருந்தை இந்நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலன், மனநோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றியது. ஆயினும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டும் குரல் முற்றும் ஓயாதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். குரலோடு வாதாடியும், அதை அடக்க முயன்றும், வெளியே போனால் எங்கே கேட்குமோ என்று அஞ்சி அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தும் அவர்கள் செலவிடும் பிரயாசையில் வேலையும் நட்பும் உறவும் ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. குரல் மட்டும் போவதில்லை.

இவர்களை மனத்தில் கொண்டே, அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்து ஸ்டீவன் ஹேய்ஸ் தம் சகாக்களுடன் வகுத்த ‘ஏற்பும் உறுதியும்’ என்ற சிகிச்சை முறையை மனச்சிதைவுக்கும் பயன்படுத்திப் பார்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. இதில் ‘ஏற்பு’ என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒருவர் ஒரு செய்தியை ஏற்றுக்கொண்டார் என்றால் அது மெய்யென ஒப்பினார் என்று பொருள் கொள்கிறோம். அழையாமல் வந்த உறவினரை ஏற்றுக்கொண்டார் என்றால், அவர் சொல்வதையெல்லாம் ஒப்பினார் என்று யாரும் கருதுவதில்லை. வாசலில் நிறுத்தி வழக்காடாமல், திண்ணையில் இருக்கவிட்டுத் தம் வேலையைக் கவனிக்கச் சென்றார் என்றே கருதுகிறோம். இச்சிகிச்சை கருதும் ஏற்பு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ‘நான் பயனற்றவன்’ என்று நினைப்பதற்கும், ‘நான் பயனற்றவன் என்ற எண்ணம் இப்போது எனக்கு வருகிறது’ என்று கவனிப்பதற்கும் இடையிலுள்ள சிறு வெளியிலேதான் அதன் பயிற்சி முழுவதும் நடைபெறுகிறது. ‘உறுதி’ என்பது, தம் வாழ்வில் தாம் அருமையாகக் கருதுவது யாது என்று நோயாளியே தேர்ந்து, அதை நோக்கி ஓரடியேனும் எடுத்து வைப்பது.

பட்ரீஷியா பாக் என்ற அம்மையாரும் ஹேய்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் முதன்மையானது. குரல்களாலோ மருட்சிகளாலோ துன்புற்று ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான வைத்தியத்தை மட்டும் அளித்தார்கள். மற்றவர்களுக்கு அதனோடு இந்தப் பயிற்சியையும் நான்கே அமர்வுகள் அளித்தார்கள். அடுத்த நான்கு மாதங்களில் முதற்பிரிவில் நூற்றுக்கு 40 பேர் மீண்டும் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப நேர்ந்தது. பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 20 பேரே திரும்பினர். இதைக் காட்டிலும் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. நோய்க்குறிகள் இன்னும் இருக்கின்றன என்று சொன்னவர்கள், பயிற்சி பெற்ற பிரிவிலேயே அதிகம்! சாதாரண அளவுகோலால் அளந்தால் இவர்களைத்தான் குணமாகாதவர்கள் என்று எழுதியிருப்போம். ஆனால், குரல் சொல்வது மெய்யென்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டபோது, அந்த நம்பிக்கை அவர்களிடம் குறைந்திருந்தது. குரலை மறைக்க வேண்டிய அவசியம் தளர்ந்ததால் அதை வெளிப்படையாகச் சொன்னார்கள் என்றே இதற்குப் பொருள் கொள்ளத் தோன்றுகிறது. நோயாளி சொல்லும் ‘இன்னும் கேட்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தைத் தோல்வியின் லட்சணமாகவே கொள்ளப் பழகிய நம் செவிகளும் அதை வேறு விதமாகக் கேட்கக் கற்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

இந்தச் சிகிச்சையை மருந்துக்கு மாற்றாகக் கருதிவிடக் கூடாது. பாக், ஹேய்ஸ் ஆராய்ச்சியிலும் வழக்கமான வைத்தியம் நிறுத்தப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியான ஆராய்ச்சியில், இப்பயிற்சி பெற்றவர்களும், அதே நேர அளவுக்கு நட்பு முறையில் அன்றாட விஷயங்களைப் பற்றிய சம்பாஷணை மட்டும் பெற்றவர்களும், பொதுவான மனநிலையில் வேறுபடவில்லை. குரல்கள் தரும் வேதனை முதலிய சிலவற்றில்தான், பின்னர் நடந்த பரிசோதனையில், பயிற்சியின் பக்கம் அனுகூலம் தெரிந்தது. பரிவோடு ஒருவர் எதிரே அமர்ந்து பேசுவதற்கே எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதையும் இந்த முடிவு உணர்த்துவதாக எனக்குப் படுகிறது.

லண்டன் நகரில் இப்பயிற்சியைக் குழுவாக நடத்துகிறார்கள். வாரம் ஒரு முறை, இரண்டு மணி நேரம், நான்கு வாரம். அமர்வை நடத்துவோரில், உளநூல் வல்லுநர்களோடு, தாமும் இந்நோயை அனுபவித்து மீண்டு வருகிற ஒருவரும் அமர்வதுண்டு. நோயாளிகளைப் பராமரிக்கும் உறவினர்களுக்கும் இத்தகைய குழுக்கள் அங்கே உண்டு. இக்குழுக்களை நடத்துவோர் கையாளும் உவமை ஒரு பஸ். வாழ்க்கை பஸ், நோயாளி அதன் ஓட்டுநர், குரல்களும் அச்சங்களும் பின்னாலிருந்து கூச்சலிடும் பயணிகள். இதை அவர்கள் உரையாகச் சொல்லி விட்டுவிடுவதில்லை, நடித்தே பார்க்கிறார்கள். ஒருவர் ஓட்டுநராகிறார், மற்றவர்கள் பயணிகளாகி, அவர் எழுதிக் கொடுத்த வசவுகளையே அவரிடம் கூவுகிறார்கள். முதல் முறை அவர் திரும்பி அவர்களோடு சண்டையிடுகிறார், பஸ் நின்றுவிடுகிறது. இரண்டாம் முறை பணிந்து, அவர்கள் காட்டிய பக்கம் திருப்புகிறார். பஸ் ஓடுகிறது, ஆனால் அவர் போக நினைத்த ஊருக்கன்று. மூன்றாம் முறை, கூவட்டும் என்று விட்டு, பாதையில் கண் வைத்து ஓட்டுகிறார். தங்கை வீட்டுக்குப் போவதென்று அவர் தீர்மானித்திருந்தால் பஸ் அந்தத் தெருவில் திரும்புகிறது. பின் இருக்கையிலிருந்து கூச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.