விவிலியத்தில் 'இரட்சகர்' எனும் இறைப்பெயர்: பொருளும் ஆட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவத் திருநூல் இறைவனை 'இரட்சகர்' என்று அழைக்கிறது. இப்பெயர் இறைவனின் இயல்பை வருணிக்கும் அடைமொழியாக மட்டும் அமையவில்லை. துன்புற்றோர் எழுப்பிய குரலுக்கு விடையாக நிகழ்ந்த செயலைச் சுட்டும் பெயராகவே அது தோன்றுகிறது. எபிரேய, கிரேக்க மூலச்சொற்களின் ஆட்சியையும், அவற்றுக்கு ஈடாக வழங்கும் தமிழ்ச்சொற்களையும் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இரட்சகர், மீட்பர், விவிலியம், எசாயா, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

'இரட்சகர்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் பாவமன்னிப்பும் மறுமை வாழ்வும் நினைவுக்கு வருதல் இயல்பு. அப்பொருள் திருநூலில் உண்டு. ஆயினும் அது முழுப்பொருள் அன்று. அடிமைத்தனம், போர், நோய், நாடு கடத்தப்படுதல் ஆகிய இடர்களிலிருந்து விடுவித்தலையும் இச்சொல் குறிக்கிறது. இவ்விரு பொருள்களும் எவ்வாறு இணைகின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது. நூற்பெயர்கள் திருவிவிலிய வழக்கில் தரப்பட்டுள்ளன.

கூக்குரலும் இரட்சகரும்

'இரட்சகர்' என்பதற்கு நேரான எபிரேயச் சொல் 'மோஷீஆ'. இது சமயக் கலைச்சொல்லாக மட்டும் வழங்கவில்லை. வயல்வெளியில் வன்முறைக்கு ஆளான பெண்ணைப் பற்றிய சட்டத்தில் இச்சொல் வருகிறது (இணைச் சட்டம் 22:27). அவள் கூக்குரலிட்டும் காப்பாற்றுவார் எவரும் இல்லாமையால் அவள்மீது குற்றமில்லை என்பது அச்சட்டத்தின் கருத்து. இங்கு 'மோஷீஆ' என்பவர் குரல் கேட்டு ஓடிவந்து உதவக் கடமைப்பட்டவர். ஆகவே இடர், இடருற்றவரின் குரல், அதனைக் கேட்டு வந்து விடுவிப்பவர் ஆகிய மூன்றும் இச்சொல்லின் பொருட்கூறுகளாகின்றன.

எகிப்திலிருந்து இஸ்ரயேலர் விடுதலை பெற்ற வரலாறும் இவ்வமைப்பையே கொண்டுள்ளது. இறைவன் முதலில் அடிமைகளின் கூக்குரலைக் கேட்கிறார் (விடுதலைப் பயணம் 3:7). பின்னரே கடலோரத்தில் அவர்களை விடுவிக்கிறார் (14:30). குரல் கேட்கப்பட்டமை முன்னும், விடுதலை பின்னும் வைக்கப்பட்டுள்ளன.

நீதித் தலைவர்கள் நூலில் ஒத்னியேலும் ஏகூதும் 'மோஷீஆ' எனப்படுகின்றனர் (3:9, 15). இரண்டிடத்தும் மக்கள் கூக்குரலிட்ட பின்னர் இறைவனே அவர்களை எழச் செய்கிறார். எனவே மனிதருக்கு இப்பெயர் பொருந்தினும், அதன் மூலம் இறைவனிடமே உள்ளது. கிதியோனின் வரலாறு இதனை வலியுறுத்துகிறது. 32,000 பேர் கொண்ட அவனது படை முதலில் 10,000 ஆகவும், பின்னர் 300 ஆகவும் குறைக்கப்படுகிறது. தம் கையே தம்மைக் காத்தது என இஸ்ரயேலர் பெருமை கொள்ளாதிருக்கவே இவ்வாறு செய்யப்பட்டது என்று நூல் காரணம் கூறுகிறது (7:2).

எசாயாவின் தனியுரிமைக் கூற்று

எசாயா நூலின் 40–55 அதிகாரங்கள் பாபிலோனிய அடிமைத்தனப் பின்னணியில் வாசிக்கப்படுபவை. தம்மையன்றி இரட்சகர் இல்லை என்று இறைவன் இப்பகுதியில் அறிவிக்கிறார் (43:11). மேற்காட்டிய சட்டப்பகுதியில் 'காப்பவர் இல்லை' என்பது ஒரு பெண்ணின் கையறுநிலையைக் காட்டியது. அதே இன்மைத் தொடர் இங்கு 'என்னையன்றி' என்னும் ஒரு சொல்லைப் பெற்று நம்பிக்கைக் கூற்றாக மாறுகிறது. எவரும் வாரார் என்று எண்ணிய மக்களுக்கு ஒருவர் உளர் என்பதே அதன் செய்தி.

இத்தனியுரிமை தத்துவ வாதத்தால் அன்றிச் செயலால் நிறுவப்படுகிறது. பாபிலோனியரின் தெய்வச் சிலைகள் விலங்குகளின்மேல் சுமையாக ஏற்றப்படுகின்றன; இஸ்ரயேலின் இறைவனோ தம் மக்களைத் தாமே சுமக்கிறார் (46:1–4). சுமக்கப்படும் தெய்வத்தால் காக்க இயலாது என்பது வாதம். கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றிய சைரசு, இறைவனால் திருப்பொழிவு பெற்றவன் என இந்நூலில் சிறப்பிக்கப்படுகிறான் (45:1). எனினும் 'இரட்சகர்' என்னும் பெயர் அவனுக்கு அளிக்கப்படவில்லை. அதே அதிகாரம் இறைவனை 'மறைந்திருப்பவர்' எனவும் 'இரட்சகர்' எனவும் ஒரே மூச்சில் விளிப்பது நோக்கத்தக்கது (45:15). வெற்றி கண்ணுக்குப் புலப்படாத காலத்திலும் இப்பெயரைச் சொல்லலாம் என்பது இதனால் பெறப்படும்.

புதிய ஏற்பாட்டில் 'சோத்தேர்'

கிரேக்கத்தில் இதற்கு நேரான சொல் 'சோத்தேர்'. அது அக்கால அரசியலிலும் வழங்கியது. எகிப்தை ஆண்ட முதலாம் தாலமி இப்பட்டத்தைப் பெற்றிருந்தான். கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரியேனே கல்வெட்டு பேரரசன் அகுஸ்துவை இவ்வாறே போற்றுகிறது. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் அகுஸ்துவின் கட்டளையோடு தொடங்குகிறது. பத்து வசனங்களுக்குப் பின் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தை 'சோத்தேர்' என்று இடையர்களுக்கு அறிவிக்கப்படுகிறது (2:11). உலகைக் காப்பவர் யார் என்னும் வினா இங்கு வெளிப்படக் கேட்கப்படாமலே எழுகிறது.

புதிய ஏற்பாட்டில் இப்பெயர் 24 இடங்களில் வருகிறது. அவற்றுள் 8 இடங்கள் இறைவனையும் 16 இடங்கள் இயேசுவையும் சுட்டுகின்றன. தீத்துவுக்கு எழுதப்பட்ட சிறு திருமுகத்தில் மட்டும் இது ஆறுமுறை வருகிறது. அதன் ஒவ்வோர் அதிகாரத்திலும் முதலில் இறைவனுக்கும் அடுத்து இயேசுவுக்கும் இப்பெயர் வழங்கப்படுகிறது. இறைவனுக்கே உரியது என எசாயா அறிவித்த பெயர் இயேசுவுக்கு வழங்கப்படுவது, இறைவனின் விடுவிக்கும் செயல் அவர்வழி நிகழ்ந்தது என்னும் நம்பிக்கையின் வெளிப்பாடாகும்.

இச்சொல்லோடு உறவுடைய 'சோத்சோ' என்னும் வினை பாவத்திலிருந்து விடுவித்தலைக் குறிக்கிறது (மத்தேயு 1:21). அதே வினை இரத்தப்போக்குற்ற பெண் நலம்பெற்றதையும் குறிக்கிறது (மாற்கு 5:34). உடலின் இடரும் உள்ளத்தின் இடரும் ஒரே சொல்லின் எல்லைக்குள் அடங்குகின்றன. பிறரைக் காத்தவனால் தன்னைக் காத்துக்கொள்ள இயலவில்லை எனச் சிலுவையடியில் நின்றோர் ஏளனம் செய்தபோதும் இவ்வினையே ஆளப்படுகிறது (மாற்கு 15:31). தன்னைக் காத்துக்கொள்ளாமை நற்செய்தியாளரின் நோக்கில் பிறரைக் காக்கும் வழியாகிறது.

தமிழாக்கச் சொற்கள்

எபிரேயத்தில் 'கோஏல்' என்னும் மற்றொரு சொல்லும் உண்டு. வறுமையால் விற்கப்பட்ட நிலத்தையோ, அடிமையான உறவினரையோ விலைகொடுத்துத் திரும்பப் பெறும் நெருங்கிய உறவினரை அது குறிக்கும் (லேவியர் 25). சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, 'மோஷீஆ', 'சோத்தேர்' ஆகியவற்றுக்கு 'இரட்சகர்' என்பதையும் 'கோஏல்' என்பதற்கு 'மீட்பர்' என்பதையும் பெரிதும் ஆள்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'மீட்பர்' என்பதே இவற்றுக்குப் பெரும்பாலும் பொதுச்சொல்லாகிறது.

'இரட்சகர்' காத்தற்பொருளுடைய வடசொல் அடியாகப் பிறந்தது. 'மீட்பு' என்பதோ தனக்குரியதாய் இருந்து பிறர் கைப்பட்டதைத் திரும்பப் பெறுதல். கவரப்பட்ட ஆநிரையை மீட்டலாகிய கரந்தையிலும், அடகு வைத்த பொருளை மீட்கும் அன்றாட வழக்கிலும் இவ்வுரிமைப்பொருள் உண்டு. ஆதலின் 'கோஏல்' என்பதன் உறவுரிமைப் பொருளுக்கு 'மீட்பர்' மிகவும் இயைகிறது. அதனையே 'மோஷீஆ' என்பதற்கும் வழங்கும்போது இறைவனுக்கும் மக்களுக்கும் உள்ள உறவு சிறக்கிறது. எனினும் குரல் கேட்டு வருபவர் என்னும் கூறு பின்தள்ளப்படுகிறது. எசாயா 49:26இல் இரு சொற்களும் அடுத்தடுத்து வருவதால் இவ்வேறுபாட்டை அங்குத் தெளிவாகக் காணலாம்.

முடிவுரை

இறைவனை 'இரட்சகர்' என்றழைத்தல் மூன்று கருத்துகளை உள்ளடக்கியது. அழைப்பவர் தம்மால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாமையை ஒப்புகிறார். தம் குரல் கேட்கப்படும் என நம்புகிறார். அப்பெயரை அரசனுக்கோ தம் ஆற்றலுக்கோ இறுதியாக உரிமையாக்க மறுக்கிறார். மறுமைப் பொருளை மட்டும் கொண்டால் முதலில் கூக்குரலிட்ட அடிமைகளும், வயல்வெளியில் கதறிய பெண்ணும் இச்சொல்லின் பொருளிலிருந்து மறைந்துவிடுவர். தமிழ்க் கிறித்தவ இலக்கியங்களில் இப்பெயர் பயின்றுவரும் இடங்களை ஆய்வோர், எந்த இடரிலிருந்து எவருடைய குரலுக்கு விடையாக அது ஆளப்பட்டுள்ளது என வினவுதல் பொருள் தெளிவுக்குத் துணைபுரியும்.